பெருந்திணையும் மாணவர் குறும்படமும்

காதல் நகைச்சுவைப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளை வேண்டுமென்றே பெரிதாக்கி, அவற்றைக் கண்டு நகைக்கச் செய்யும் குறும்படங்களை எடுப்பதில் மாணவர்க்கு விருப்பம் மிகுதி. அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கையிலுள்ள கைப்பேசியே கேமரா. பள்ளி நடைக்கூடமே படப்பிடிப்புக் களம். உடன் பயிலும் நண்பர்களே நடிகர்கள். கதையும் ஆயத்தமாக இருக்கிறது. இருவர் எதிரெதிரே வந்து மோதிக்கொள்வர், புத்தகங்கள் சிதறும், கண்கள் கலக்கும், காற்று வீசும். பின்னர் ஒரு தவறான எண்ணத்தால் பிரிவு, இறுதியில் ஓர் ஓட்டம், கூடல். இதனை அறியாத மாணவன் எவன்?

இத்தகைய முயற்சியை வெறும் விளையாட்டென்று ஒதுக்கும் ஆசிரியர் உண்டு. நண்பர் கூடிச் சிரிப்பதற்கு நல்ல பொழுதுபோக்கு என்ற அளவில் விட்டுவிடுவோரும் உண்டு. ஆனால் இது திறனாய்வுப் பயிற்சியே என்பது என் கருத்து. ஒரு மரபை மிகைப்படுத்திக் காட்ட வேண்டுமாயின், அம்மரபு யாது, அது எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்தில் பொய்த்துப்போகிறது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். அறியாதவன் மிகைப்படுத்தினால் அது கூச்சலாக முடியும். அறிந்தவன் மிகைப்படுத்தினால், பத்துப் பக்கக் கட்டுரை சொல்லவேண்டியதை ஐந்து நிமிடப் படம் சொல்லிவிடும். ஆகவே இக்குறும்படங்களை மதிப்பிடுவதற்கும் ஓர் அளவுகோல் தேவை. அதனைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் அகத்திணை இலக்கணத்திலேயே அது இருக்கிறது.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

அகப்பாடல் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் காட்டும் நெறி. உலகில் எல்லாக் காதலர்க்கும் தோழி ஒருத்தி வாய்ப்பதில்லை. தலைவன் வரும் வழியில் யானையும் புலியும் தவறாமல் நிற்பதுமில்லை. எனினும் அவற்றை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஏனெனில் அந்நாடகத்தின் உள்ளே நிற்கும் அன்பும் அச்சமும் பிரிவுத் துயரும் உலகியலைச் சார்ந்தவை.

திரைப்படக் காதலும் இவ்வாறே அமைந்தது. பிராங்க் காப்ரா இயக்கி 1934ஆம் ஆண்டு வெளிவந்த 'இட் ஹாப்பெண்டு ஒன் நைட்' என்னும் அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையிடமிருந்து தப்பியோடும் செல்வர் மகள் ஒருத்தி, பேருந்தில் ஒரு செய்தியாளனைச் சந்திக்கிறாள். இருவரும் சண்டையிடுகின்றனர், ஒரே அறையில் கம்பளி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டு இரவைக் கழிக்கின்றனர், சண்டை மெல்லக் காதலாகிறது, அவள் மணப்பந்தலிலிருந்தே ஓடிவிடுகிறாள். சிறந்த படத்திற்குரியது உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற இப்படத்தின் அமைப்பை, பின்வந்த படங்கள் பல மீண்டும் மீண்டும் எடுத்தாண்டன. மரபு இவ்வாறுதான் உருவாகிறது. அது குற்றமாகாது. நாடக வழக்கு மட்டும் எஞ்சி, அதனுள் இருந்த உலகியல் உலர்ந்துபோகும்போதுதான் மரபு நகைப்புக்கு உரியதாகிறது. மாணவர் குறும்படத்திற்கு வேலை தொடங்குவதும் அங்கேதான்.

நான்கு மிகைகள்

அன்பின் ஐந்திணையின் எல்லையைக் கடந்து மிகுந்துவிடும் காமத்தைப் பெருந்திணை என்று தனியே பிரித்துவைத்தனர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதனை நான்காகக் கூறுகிறார்: மடலேறுதல், இளமை கழிந்த நிலை, தெளிவிழந்த காம மிகுதி, வலிந்து கொள்ளும் மிடல். இவற்றை உரையாசிரியர்கள் பலவாறு விளக்குவர். தொல்காப்பியர் திரைப்படத்திற்கு இலக்கணம் வகுத்தார் என்று கூறுவது நம் நோக்கமில்லை. ஆயினும் காதல் எந்தெந்த வாயில் வழியாக எல்லை கடக்கும் என்று அவர் எண்ணிய எண்ணம், இன்றைய திரைக்கும் பொருந்துவதைக் காணலாம்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. மடலேறுவேன் என்று தலைவன் சொல்லுதல் களவொழுக்கத்தில் அமையும். குறுந்தொகையில் அத்தகைய பாடல்கள் உள்ளன. உண்மையிலேயே ஏறிவிட்டால் அது பெருந்திணை. சொல்லளவில் நிற்பது அழகு, செயலாகிவிட்டால் மிகை. மரபை மிகைப்படுத்தும் கலையின் அடிப்படை உத்தியும் இதுவே. காதலர் பேச்சில் உவமையாக நின்றதை உண்மைச் செயலாக்கிக் காட்டினால் போதும், சிரிப்பு தானே பிறக்கும். "உனக்காக எத்தனை ஆண்டும் காத்திருப்பேன்" என்று சொன்னவனைப் பேருந்து நிறுத்தத்திலேயே நரைத்த தலையுடன் உட்காரவைத்தால், மாணவன் பெருந்திணைக்குள் புகுந்துவிட்டான் என்று கொள்ளலாம்.

முதலாவது, மடலேறுதல். பனைமடலால் செய்த குதிரையின்மேல் எருக்கம்பூச் சூடி ஊர்த்தெருவில் வரும் தலைவன், தன் நாணத்தை ஊரறியத் துறக்கிறான். இன்றைய படங்களின் இறுதியோட்டம் இதன் உறவே. 1989இல் வந்த 'வென் ஹாரி மெட் சாலி' படத்தில் தலைவன் புத்தாண்டு இரவில் நியூயார்க் தெருக்களில் ஓடுகிறான். 2003இல் வந்த 'லவ் ஆக்சுவலி' படத்தில் ஒரு சிறுவன் ஹீத்ரோ வானூர்தி நிலையத்தின் காவலைக் கடந்து ஓடுகிறான். சிங்கப்பூர் மாணவன் இதனை எவ்வாறு பெரிதாக்குவான்? ஓட்டத்தை மட்டும் நீட்டினால் போதாது. அதன் அருகில் உலகியலைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சாங்கி வானூர்தி நிலையத்திற்கு 2002ஆம் ஆண்டு முதல் எம்ஆர்டி ரயில் செல்கிறது. தலைவன் வியர்க்க விறுவிறுக்க ஓடட்டும். அவன் நண்பன் ரயிலில் அமர்ந்து, சன்னல் வழியே கையசைத்துக் கடந்து செல்லட்டும். நிலையத்தை அடைந்ததும் அதிகாரி கடப்பிதழும் பயணச்சீட்டும் கேட்கட்டும். சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் தலைவன் முன்னேறுவதற்குள், தலைவி ஊருக்குப் போய்த் திரும்பியும் வந்துவிடட்டும். பொய்யின் நடுவே ஓர் உண்மையை வைத்தால்தான் பொய்யின் அளவு தெரியும்.

இரண்டாவது, இளமை கழிந்த நிலை. நாற்பது கடந்த நடிகர்கள் தோளில் பையுடன் கல்லூரிக்குச் செல்வதை நாம் எத்தனை படங்களில் பொறுத்துக்கொண்டோம்! சி. எஸ். அமுதன் இயக்கத்தில் 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' இதனைக் கையாளும் விதம் பாராட்டத்தக்கது. தலைவனின் இளமைத் தோழர்களாக வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா, எம். எஸ். பாஸ்கர் ஆகியோர் வருகின்றனர். அவர்களை இளைஞர் என்றே படம் முழு நம்பிக்கையுடன் நடத்துகிறது, ஒருவரும் கண்சிமிட்டவில்லை. அதே படத்தில் ஆடவரை வெறுக்கும் தலைவிக்காகத் தலைவன் ஒரே இரவில் பரதம் கற்று முடிக்கிறான். பெண் கேட்கச் சென்ற இடத்தில் செல்வம் கேட்கப்பட்டால், ஒரு பாட்டு முடிவதற்குள் பெருஞ்செல்வனாகிறான். பிற படங்களில் ஒரு பாட்டுக்குள் ஏழை செல்வனாவதை நாம் வினவாமல் ஏற்றோம் அல்லவா? அந்த ஏற்பையே இப்படம் நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. ஆனால் இப்படத்தில் குறையும் உண்டு. இன்ன படத்தின் இன்ன காட்சி என்று அடையாளம் கண்டால் மட்டுமே சிரிக்கக்கூடிய இடங்கள் பல. அவை அந்தந்தப் படம் மறக்கப்பட்டவுடன் வாடிவிடும். மரபைப் பகடி செய்வது நிலைக்கும். ஒரு காட்சியைப் பகடி செய்வது அக்காட்சியின் ஆயுளளவே நிற்கும். மாணவர் குறும்படங்கள் மிகுதியும் தவறுவது இவ்விடத்திலேயே.

மூன்றாவது, தெளிவிழந்த மிகுதி. கண்டவுடன் அறிவு மயங்கும் காதலைக் காட்டத் திரையுலகினர் 'ஸ்லோமோஷன்' என்னும் மெதுவசைவை நாடுவர். நொடிக்கு 24 படங்களாக ஓடுவது திரைப்பட வழக்கம். நொடிக்கு 48 எடுத்து 24ஆக ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும். இதனை இன்றைய கைப்பேசிகளே செய்துவிடும். ஆகவே மாணவன் கருவியைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை. கால அளவைப் பற்றியே எண்ணவேண்டும். டேவிட் வெயின் இயக்கிய 'தே கேம் டுகெதர்' (2014) என்னும் அமெரிக்கப் படம் இதற்கு நல்ல பாடம். தலைவனும் தலைவியும் பெஞ்சமின் பிராங்க்ளின் வேடமிட்டு ஒரே விருந்துக்குச் செல்லும் வழியில் மோதிக்கொள்கின்றனர். பின்னர்ப் புத்தகக் கடையில், இருவருக்கும் புனைகதை பிடிக்கும் என்று அறிந்து, இவ்வுலகில் இத்தகைய ஒற்றுமை வேறெவர்க்கும் இல்லை என்பதுபோல் வியக்கின்றனர். மதுக்கூடத்தில் தலைவனும் பணியாளரும் பேசும் இரண்டு மூன்று வாக்கியங்கள் சுழன்று சுழன்று முடிவின்றி வருகின்றன. முதன்முறை அது பேச்சு. மூன்றாம் முறை நகைப்பு. ஆறாம் முறை சலிப்பு. அதற்கும் அப்பால் மீண்டும் பெருநகைப்பு. சலிப்பைக் கடந்து செல்லும் துணிவு மிகைப்படுத்துவோனுக்கு வேண்டும்.

நம் பள்ளி நடைக்கூடத்து மோதலில் இதனைச் செய்து பார்க்கலாம். இரண்டு புத்தகங்கள் விழுவதற்கு மாறாக, விழுந்துகொண்டே இருக்கட்டும். பாடநூல், பயிற்சிநூல், அகராதி, இறுதியில் அபிதான சிந்தாமணி. இருவரும் கண்ணெடுக்காமல் நிற்கட்டும். மணி அடிக்கட்டும், வகுப்புகள் கலையட்டும், துப்புரவாளர் அவர்கள் கால்களைச் சுற்றிப் பெருக்கிச் செல்லட்டும். நடிப்போர் மட்டும் சிரிக்கலாகாது. அவர்கள் சிரித்தால் காண்போர் சிரிக்க ஒன்றும் எஞ்சாது.

மிடல்

நான்காவதுதான் மிக முதன்மையானது. விருப்பமில்லாதவரை வலிந்து கொள்ளுதலைத் தொல்காப்பியர் அன்பின் ஐந்திணைக்குள் வைக்கவில்லை, புறம்பே நிறுத்தினார். தமிழ்த் திரைப்படமோ பல பத்தாண்டுகளாக அதனைத் தூக்கி ஐந்திணைக்கு நடுவே அமர்த்தியது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னே சென்று கொண்டே இருத்தல், வீட்டெதிரே காத்துக்கிடத்தல், பொய்ப்பெயர் சொல்லிப் பழகுதல், கடைசியில் அவள் மனம் மாறுதல் — இவை காதலின் படிகளாகவே காட்டப்பட்டன. 'மின்னலே' (2001) படத்தில் தலைவன், தலைவிக்கு மணம் பேசப்பட்டவன் பெயரைத் தன் பெயராகச் சொல்லி நெருங்குகிறான். 'ரெமோ' (2016) படத்தில் மணம் உறுதியான பெண்ணை அடையத் தலைவன் செவிலிப்பெண் வேடம் புனைகிறான். பாட்டும் இசையும் இனிமையாக இருப்பதனால் பார்ப்போர் இச்செயலை எடைபோடுவதில்லை.

ஆனால் சட்டம் எடைபோடுகிறது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தம், பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருதலைத் தனிக் குற்றமாக்கியது. சிங்கப்பூரில் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. மலேசியாவில் 2023இல் தண்டனைச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, பின்தொடர்தல் குற்றமாயிற்று. வெள்ளித்திரையில் காதல் என்று பெயர் பெற்ற செயல், நம் தெருவில் காவல்நிலையத்திற்குரிய செயல். இந்த இடைவெளியைப் பதினாறு வயது மாணவனும் மாணவியும் அறிந்திருக்க வேண்டாமா?

மிகைப்படுத்தும் குறும்படத்திற்கு இங்கே பெரும் பொறுப்பு இருக்கிறது; பெரும் ஆபத்தும் இருக்கிறது. தலைவன் பின்தொடர்வதைப் பத்து மடங்காக்கி, இறுதியில் தலைவி புன்னகைத்து இசைவதாக முடித்தால், அங்கே மரபு சிறிதும் உடையவில்லை. இன்னும் ஒருமுறை ஓதப்பட்டது, அவ்வளவே. பகடி என்ற பெயரில் பழைய பாடமே கற்பிக்கப்படும். அவையிலுள்ள மாணவர் சிரிப்பர். ஆனால் அவர்கள் எதனைக் கண்டு சிரித்தனர்? பின்தொடர்வோனையா, அவனிடம் சிக்கித் தவிக்கும் பெண்ணையா? இந்த வினாவுக்கு விடை சொல்ல முடியாத படம், எத்துணைத் திறமையாக எடுக்கப்பட்டிருப்பினும், தேர்ச்சி பெறத் தக்கதன்று.

நகை எவர்மேல்?

நகை தோன்றும் நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறும். பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இருபாற்படுத்துவார்: பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் மற்றொன்று. இப்பிரிவு திறனாய்வாளனுக்கு நல்ல கருவி. ஒரு நகைச்சுவைக் காட்சியில் எள்ளல் எத்திசையில் செல்கிறது என்று கேட்டாலே அதன் தகுதி பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வெளிவந்தது. அதிலும் வேடமுண்டு, ஏமாற்றமுண்டு. தலைவனின் நண்பன், பெருஞ்செல்வரான தந்தையாக வேடம் புனைந்து வருகிறான். ஆயினும் அந்த வேடத்திற்கு இலக்கு, பணம் என்றால் வாய்பிளக்கும் பண்ணையார் விசுவநாதன். பாலையா அப்பாத்திரத்தை நடித்த நடிப்பில், எள்ளல் முழுவதும் செல்வ மயக்கத்தின்மேல் சென்று விழுகிறது. முன்னர்க் கூறிய 'மின்னலே'யில் வேடத்திற்கு இலக்கு காதலிக்கப்படும் பெண்ணே. உத்தி ஒன்றுதான், திசைதான் வேறு. அத்திசை வேறுபாடே ஒன்றை நகைச்சுவையாகவும் மற்றொன்றை வஞ்சமாகவும் ஆக்குகிறது.

அதே படத்தில், தந்தையின் பணத்தில் படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ் வருகிறார். ஓகோ புரொடக்ஷன்ஸ் முதலாளியாகிய அவர் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை அறியாதவர் இலர். சொல்பவரின் தன்முனைப்பும் கேட்பவரின் அச்சமும் அங்கு ஒருங்கே நகைப்புக்கு உள்ளாகின்றன. காமிராவும் இல்லை, காட்சி மாற்றமும் இல்லை. ஒரு குரல், இரு கைகள், ஒரு முகம், அதற்கெதிரே வியர்க்கும் மற்றொரு முகம். மாணவ இயக்குநர் கற்கவேண்டிய சிக்கனம் இதுவே.

கலித்தொகை காட்டும் வழி

காதல் மரபை மிகைப்படுத்திக் காட்டும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. மருதக்கலியில் ஒரு பாட்டு. தொகையில் 94ஆம் பாட்டு. அரண்மனை ஏவலராகிய கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் அதில் உரையாடுகின்றனர். வழியில் அவளை மறித்து, அவள் வளைவையே பேரழகாக்கிப் பாராட்டுகிறான் குறளன். உருவத்தில் சிறியவன் பெருந்தலைவன்போல் பேசத் துணிந்தானே என்று அவள் சாடுகிறாள். நலம் பாராட்டல், குறையிரத்தல், மறுத்தல், இரங்கல், இசைதல் என அகப்பாட்டின் உறுப்புகள் பலவும் முறையாக வருகின்றன. மரபு அவ்வாறே இருக்கிறது. அதனைப் பேசும் வாய் மட்டும் மாறியிருக்கிறது. மாற்றம் ஒன்றே செய்து மரபு முழுவதையும் ஒலிக்கவைத்த திறம் வியக்கத்தக்கது.

இப்பாட்டில் உடற்குறை நகைப்பாக்கப்படுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்று அத்தகைய நகையை எவரும் வகுப்பறைக்குள் கொண்டுவரலாகாது. தமிழ்த் திரைப்படங்களில் பருமனான நண்பனையும் கருநிறத்துப் பெண்ணையும் எள்ளும் வழக்கம் இன்னும் ஓயாதிருப்பதால் இதனை அழுத்திக் கூறவேண்டியிருக்கிறது. ஆனால் அப்பாட்டு எவ்வாறு முடிகிறது என்பதையும் நோக்குக. ஒருவர் உடலை ஒருவர் இனி இகழ்வதில்லை என்று அவ்விருவரும் உடன்படுகின்றனர். அரண்மனையில் இருப்போர் கண்டு நகைக்காதவாறு, அவ்விடம் விட்டுப் புறத்தேயுள்ள சோலைக்குச் சென்று கூட விரும்புகின்றனர். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நாமும் அந்த அரண்மனைக் கூட்டத்தில் ஒருவராகிவிட்டோம் என்பது அப்பொழுது உறைக்கிறது. நாடகத்தின் திரை விலகி, காதல் கொண்ட இருவர் நம் முன்னே நிற்கின்றனர். மிகைப்படுத்தும் கலை சென்று சேரத்தக்க இடம் இதுவே. மரபைப் பார்த்துச் சிரித்த பின், மாந்தரை மதிப்போடு விட்டு விலகுதல்.

ஆசிரியர் கவனத்திற்குச் சில

குறும்படம் எடுக்கப் புகும் மாணவரிடம் ஆசிரியர் வற்புறுத்தத்தக்கவை மூன்று.

முதலாவது, ஒரு படத்திற்கு ஒரு மரபே போதும். மோதல், பாட்டு, பிரிவு, ஓட்டம் அனைத்தையும் ஐந்து நிமிடத்தில் திணித்தால் எதுவும் பெரிதாகாது. பாலாஜி மோகன் 'காதலில் சொதப்புவது எப்படி' என்று முதலில் ஒரு குறும்படமே எடுத்தார். அதுவே விரிந்து 2012இல் முழுநீளப் படமாயிற்று. காதலரிடையே எழும் சிறு பிணக்கு எவ்வாறு பெரிதாகிறது என்ற ஒரு பொருளைப் பற்றி நின்றதனால்தான் அது விரிவுக்கு இடம் தந்தது.

இரண்டாவது, மொழி. மாணவர் உரையாடல்களில் சென்னைத் திரைப்பேச்சு அப்படியே வந்து விழுகிறது. அதுவும் ஒரு மரபே, அதனையும் மிகைப்படுத்தலாம். தலைவன், "மதிமுகத்தாளே, நின் விழிகள் எனை வீழ்த்தின" என்று மேடைத் தமிழில் முழங்கட்டும். தலைவி இந்நாட்டுப் பேச்சுத் தமிழில், "மணியாச்சு, பஸ் போயிடும்" என்று சொல்லி நடக்கட்டும். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தொலைவை ஒரு முழுப் பாடவேளை விளக்குவதைவிட இந்த இரண்டு வரிகள் நன்கு விளக்கும்.

மூன்றாவது, தலைவிக்கு ஒரு வாக்கியம். காதல் நகைச்சுவைப் படங்களில் பெண் பெரும்பாலும் பார்க்கப்படுகிறாள், துரத்தப்படுகிறாள், இறுதியில் இசைகிறாள். அவள் என்ன எண்ணினாள் என்று கேட்பார் இல்லை. அகப்பாட்டில் தலைவிக்கும் தோழிக்கும் இருக்கும் கூற்றுகளை எண்ணிப் பார்த்தால் இது எத்துணை வறுமை என்பது விளங்கும். மாணவர் படத்தில் தலைவி ஒருமுறையேனும் நின்று, திரும்பி, தன் கருத்தைச் சொல்லட்டும். "வேண்டாம்" என்பதே அக்கருத்தாயின், படம் அச்சொல்லுக்குக் கட்டுப்படட்டும். காற்று நிற்கட்டும், இசை நிற்கட்டும், நண்பன் இயக்கிய மின்விசிறி அணைவதைக் கேமரா காட்டட்டும். தலைவன் கையில் பூவோடு நடைக்கூடத்தில் தனியே நிற்கும் அக்காட்சியில் அவையோர் சிரிப்பரென்றே நம்புகிறேன். அச்சிரிப்பு விழுமிடம், இதுகாறும் நாம் வினவாமல் ஏற்றுவந்த அந்த மரபாகவே இருக்கும்.

படம் முடிந்து விளக்கு ஏற்றியபின், மதிப்பெண் இடுவதற்கு முன்னர், ஆசிரியர் மாணவரைப் பார்த்து ஒரு வினாக் கேட்கட்டும்: "நீங்கள் எதனைக் கண்டு சிரித்தீர்கள்?" விடை பலவாக வரும்; வாதம் எழும். அவ்வாதமே அன்றைய இலக்கியப் பாடமாகட்டும்.